சாமி பெயருக்கே அர்ச்சனை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோகவில்லை. முதல் பெயர், அப்பா பெயர், கணவர் பெயர் எல்லாமே ஞாபகம் இருக்கிறது. அதை முழுதாக அவர் ஒரே ஒரு தடவைதான் என் கண் முன்னால் எழுதினார். எழுதவைத்தவளும் நான்தான். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு அந்தப் பெயரை எழுதக் கை வராது. ஆன்ட்டி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான்.

கேட்டி என்ற அமெரிக்க ஊரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் ஆறு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். எந்தக் குடியிருப்பு, எந்தத் தெரு என்றும் சொல்லப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டுவிட்டது. இப்போது அவர் அங்கே இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். இங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கனடாவில். நான்கு படுக்கையறை வீட்டில் தனி ஆளாக இருந்தார்.

காபிக் கடையில் கப்பில் எழுதப் பெயர் கேட்பார்கள் இல்லையா, ஒரு நாள் மேரி என்பார், இன்னொரு நாள் லிண்டா. பிறகு எந்தப் பெயரைக் கொடுத்தோம் என்று மறந்துவிடும். "லிண்டா, லிண்டா" என்று அந்தப் பையன் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்பான். இவர் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்தான் முழங்கையால் இடிக்க வேண்டும்.

வாசலுக்குப் பார்சல் வந்தால் பெட்டியை உள்ளே எடுக்கும் முன்பே முகவரி ஒட்டியிருக்கும் இடத்தை நகத்தால் கிள்ளிக் கிழித்துவிடுவார். அந்தக் காகிதம் குப்பைக்குப் போகாது. சமையலறையில் ஒரு பழைய கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். அதில் ஊறப் போட்டு, கூழானதும் பிழிந்து, வேறு வேறு நாளில் வேறு வேறு குப்பையில் போடுவார். இதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது.

கோயிலுக்குப் போனாலும் அதே கதைதான். அர்ச்சனைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர், நட்சத்திரம் என்று கேட்பார். "சாமி பேருக்கே செய்யுங்கோ ஐயா" என்று கும்பிடுவார் ஆன்ட்டி. சாமி பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்கிறவர்கள் நம்மில் உண்டுதான், ஆனால் பிறந்த நாளைக்கும் கணவர் திதிக்கும்கூட அப்படிச் சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமியார் உருகிப்போனார். "தனக்குன்னு ஒண்ணும் கேக்கலை பாரு, என்ன ஒரு பக்தி" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு வரைக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிற ஆள்.

ஒரு தடவை விஷயம் தெரியாமல் அவருடைய பிறந்த நாளுக்குக் கேக் வாங்கி அதன் மேல் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். தவறி எங்கள் பெட்டிக்கு வந்த ஒரு கடிதத்தில் அவர் முதல் பெயரைப் பார்த்திருந்தேன். தெருவில் பத்துப் பேர் கூடியிருந்தோம். பெட்டியைத் திறந்ததும் ஆன்ட்டி மெழுகுவர்த்தி ஏற்றக்கூட விடவில்லை. கத்தியை எடுத்து, அந்தச் சிவப்புக் கிரீமில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வழித்து ஒரு தட்டில் போட்டார். தட்டைக் கழுவியும் வைத்துவிட்டு வந்து, "இப்ப பாடுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.

"ஆன்ட்டி, போலீஸ் ஏதாவது தேடுதா உங்களை?" என்று கேட்பேன்.

"ஓம் பிள்ளை, பெரிய கள்ளி நான்" என்பார். சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

இவரிடம்தான் என் மகள் தாரா பள்ளி விட்டதும் இருப்பாள். தாராவுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வந்ததே நான்கு வயதுக்கு மேல்தான். அதுவும் கூட்டம், சத்தம், புது ஆட்கள் என்றால் வந்த பேச்சும் போய்விடும். கத்துவாள், தன் கையையே கடித்துக்கொள்வாள். அவள் தொடக்கப் பள்ளியில், நடந்துபோகும் தூரத்தில், இப்படிப்பட்ட எட்டுக் குழந்தைகளுக்குத் தனி வகுப்பு ஒன்று இருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற டீச்சர் அங்கேயே இருந்தார். வகுப்பு பாதி, ஆன்ட்டி பாதி என்றுதான் என் பெண் பேசக் கற்றாள். எனக்கும் என் கணவருக்கும் வராத, ஆமாம் என்பதற்கு ஆன்ட்டி சொல்கிற 'ஓம்' அவளுக்கு வரும். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "ஓம்" என்கிறாள், ஏதாவது தியானப் பயிற்சியா என்று டீச்சர் கேட்டார்.

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி வாரியத்தில் ஒருவர் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போனார். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சிறப்புத் தேர்தல் அறிவித்தார்கள். வேறு எந்தப் பதவியும் அந்த ஓட்டுச்சீட்டில் கிடையாது. இப்படி ஒரு தேர்தல் நடப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. போட்டியிட்ட இரண்டு பேரில் ஒருவர், ஆங்காங்கே இருக்கும் இந்தச் சின்ன வகுப்புகளையெல்லாம் மூடி, ஊரின் அடுத்த கோடியில் ஒரே கட்டடத்தில் சேர்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். இன்னொருவர் ஒரு நர்ஸ். அவர் பையனும் தாரா மாதிரிதான். வகுப்புகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். வாரியத்தில் மீதி ஆட்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். இந்த ஓர் இடம் யாருக்கோ, அவர் சொன்னதுதான் நடக்கும்.

நான் சும்மா இருப்பேனா. ஒரு வேலையில் இறங்கினால் ஊரையே இழுத்துக்கொண்டு இறங்குகிற ஆள். நர்ஸ் அம்மாவின் அணியில் சேர்ந்தேன். கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்திய வகுப்புக்குப் போய், புது வாக்காளர்களைப் பதிவு செய்யும் சான்றிதழும் வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதலில் பிடித்தது ஆன்ட்டியைத்தான்.

"ஆன்ட்டி, உங்களுக்கு சிட்டிசன்ஷிப் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது கனகாலம்."

"ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையா?"

"எனக்கு வேண்டாம் பிள்ளை. ஆரும் வரட்டும், ஆரும் போகட்டும்."

"உங்க தாராவுக்காகத்தான் கேக்கறேன். சும்மா ரெஜிஸ்டர் பண்ணணும், அவ்ளோதான். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "லிஸ்டில பேர் வரும் என்ன?"

"ஆமா."

"அந்த லிஸ்ட் ஆரிட்ட இருக்கும்?"

"கவுண்டி ஆபீஸ்ல இருக்கும் ஆன்ட்டி. பத்திரமா இருக்கும்."

விண்ணப்பம் போட்டால் யாருக்கும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்களே வாங்கி வைத்திருந்தோம். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. வயதானவரைத் தேவையில்லாமல் குழப்ப வேண்டாம் என்றுதான் தோன்றியது. அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மழையால் சாலையில் தண்ணீர் தேங்க, பள்ளியில் எல்லாக் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். பத்து நிமிடத் தூரம்தான், சுற்றிக்கொண்டு வர முக்கால் மணி நேரமாயிற்று. தாரா இறங்கியபோது இரண்டு மணிக்கட்டிலும் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் வீடு வந்து சேரும்வரை ஆன்ட்டி அந்தக் கைகளை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை என்னை போனில் கூப்பிட்டு, "அந்த ஃபோமைக் கொண்டுவாங்கோ" என்றார்.

பெரிய எழுத்துகளில், இடைவெளி விட்டு, மிக மெதுவாக எழுதினார். எழுதி முடித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாக்காளர் அட்டை தபாலில் வந்ததும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி வாளியின் அடியில் புதைத்தார். நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அணியின் கூட்டத்தில், நம் ஆட்கள் ஓட்டுப் போடவே வருவதில்லை என்று பேச்சு வந்தது. வாக்காளர் பட்டியலில் நம்மவர்கள் யார் என்று அவர்களுடைய கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சீனரையும் நம்மையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'ஏஷியன்' என்று போட்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, டைனிங் டேபிளில் பரப்பி, மஞ்சள் மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருகேசன், அந்தோணிசாமி, ஷேக் தாவூத் என்று அப்பா பெயரும் சொந்தப் பெயரும் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. நம் ஆட்களை நம்மால்தானே கண்டுபிடிக்க முடியும். பெருமையாக இருந்தது. ஓரத்தில் குறிப்பும் எழுதினேன், தமிழிலேயே. 'மதுரைப் பக்கம்.' 'இரண்டு ஓட்டு.' 'வயதானவர், இரண்டு தடவை மணி அடிக்கவும்.'

என் கணவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "இதைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு."

"என்ன ஒரு மாதிரி? பப்ளிக் ரெகார்டுதான். எல்லாரும் பண்றாங்க."

"அதில்ல. வீட்டு நம்பரோட, ஜாதகம் மாதிரி எழுதி வச்சிருக்கியே."

"நீங்க போய் சாப்பாடு எடுத்து வைங்க" என்றேன்.

எங்கள் தெரு வந்தபோது கை தானாகப் போயிற்று. ஆன்ட்டி பெயருக்கு மஞ்சள் அடித்து, 'இலங்கைத் தமிழ். தனியாக இருப்பவர்' என்று எழுதினேன். போகிறவர்கள் பொறுமையாகப் பேசட்டும் என்பதற்காக எழுதினேன். அவர் வீட்டுக்கு யாரும் போகத் தேவையில்லை, அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மறந்தே போனேன்.

அது ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வந்து, வழக்கம்போல ஆன்ட்டி வீட்டு மணியை அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். ஜன்னல் மறைப்புகள் எல்லாம் மூடியிருந்தன. கார் நின்றிருந்தது. கதவைத் தட்டினேன், தாரா என்று கூப்பிட்டேன். போன் செய்தால் உள்ளேதான் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வாசல் படியில் தாராவின் ஒற்றை ஷூ கிடந்தது.

அந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆன்ட்டிக்கு மாரடைப்பு வந்து விழுந்துகிடக்கிறார், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அதுதான் நான் நினைத்ததிலேயே நல்லது. அடுத்தடுத்து நினைத்தவற்றை எழுத முடியாது. என் பெண்ணால் யாரையும் கூப்பிட முடியாது, தன் பெயரைக் கேட்டால்கூட பயத்தில் சொல்லத் தெரியாது, இது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. பக்கவாட்டு கேட்டை உதைத்துத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடினேன். சமையலறைக் கதவு பப்பரப்பா என்று திறந்துகிடந்தது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகைந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வோர் அறையாக, அலமாரி உட்படத் திறந்து பார்த்தேன். நான் தாரா என்று கத்துகிற சத்தம் எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது.

மறுபடி தோட்டத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன். பின் வேலியை ஒட்டி மறுசுழற்சிக் குப்பைத் தொட்டி சாய்ந்துகிடந்தது, பக்கத்தில் ஒரு நாற்காலி. ஆறடி மரவேலி. அதன் உச்சியில் ஆன்ட்டியின் சல்வார் துணி ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவரின் குரல், நான் யார், அந்தக் குழந்தைக்கு நான் என்ன உறவு என்று கேட்டது. அம்மா என்றேன். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வா, கதவு பூட்டியிருக்கிறது, நான் திறக்கிறேன் என்றார்.

பின் தெருவில் இருந்த வெள்ளைக்காரர் அவர். எண்ணெய்க் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் புல்வெளியில் எதிரணி வேட்பாளரின் பலகை நட்டிருந்தது. அதைப் பார்த்துப் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் வேலிக்கு மேலாகக் குழந்தையை நீட்டி, வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம் ஆன்ட்டி. அவர் வாங்கிக்கொண்டாராம். யாரோ துரத்துகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்ததாம். போலீஸைக் கூப்பிடுகிறேன் என்றதற்குக் காலைப் பிடிக்காத குறையாக வேண்டாம் என்றாராம். அதனால் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு அவரே காவலுக்கு உட்கார்ந்தவர், நான் கத்துவது கேட்டுத்தான் வேலிப் பக்கம் வந்திருக்கிறார்.

துணி துவைக்கும் அறையில், இரண்டு இயந்திரங்களுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்திருந்தார் ஆன்ட்டி. தாரா மடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் உதட்டில் விரலை வைத்தாள். "நோ டாக்கிங், அம்மா" என்றாள். "தே நோ ஆன்ட்டி நேம்." ஆன்ட்டியின் பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம்.

ஆன்ட்டி என்னைப் பார்த்து, "போயிட்டினமோ?" என்றார்.

"யாரு ஆன்ட்டி?"

"ரெண்டு பேர். கையில பேப்பர். என்ர பேரைச் சொன்னவங்கள். முழுப் பேர். தனியத்தானே இருக்கிறீங்கள் எண்டு கேட்டவங்கள்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வந்தவர்கள் எங்கள் அணி ஆட்கள்தான். ஆன்ட்டியைக் கைபிடித்து எழுப்பினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து, வேலியில் கிழிந்த முழங்காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன். தாரா ஐபேடோடு சோபாவில் ஒடுங்கிக்கொண்டாள். அப்போதுதான் ஆன்ட்டி சொன்னார். ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவர், கட்டுப் போடுகிற என் கையைப் பார்த்துக்கொண்டே மளமளவென்று சொன்னார்.

"எண்பத்து மூண்டு கலவரத்தில, கொழும்பில, எங்கட வாசல்ல நிண்டும் இப்பிடித்தான் வாசிச்சவங்கள். அப்பான்ர பேர். பிழையில்லாமல். எங்கட ஒழுங்கையில, அந்தச் சின்னத் தெருவில, ஆர் தமிழ், ஆர் சிங்களம் எண்டு வெளியில பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. எல்லாம் ஒரே மாதிரி வீடுதான். பேப்பரில பாத்தாத்தான் தெரியும். வோட்டர்ஸ் லிஸ்ட். தமிழ் வீடுகளுக்குப் பக்கத்தில கோடு போட்டிருந்தது."

"அப்பா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா எழும்பிப் போய்க் கதவு திறக்கிற மனுசன் அவர். நாங்கள் பின் மதிலால ஏறிட்டம். அவர் முன்னுக்குப் போனவர்."

நான் துணியின் முனையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சு விழவில்லை.

"அடுத்த நாள் அந்தப் பேப்பர் ஒழுங்கையில கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி எடுத்துக்கொண்டு வந்து காட்டினவ. கோடு போட்டது ஆரெண்டு எனக்குப் பாத்த உடன தெரியும். ஒழுங்கை முனையில இருந்த ஒரு கிளாக்கர். எங்கட ஆள்தான், தமிழ். அப்பாவுக்கு ஃபோம் எல்லாம் அவர்தான் நிரப்பித் தாறவர்."

"தமிழ் ஆளா?"

"ஓம். கெட்ட மனுசன் இல்லைப் பிள்ளை. தேர்தல் நேரம் ஆரோ கட்சிக்காரர் கேட்டதாம். தமிழ் ஆக்களைத் தேடிப் போய் வோட்டுக் கேக்க வசதியா இருக்கட்டும் எண்டு எழுதிக் குடுத்தவர். அது பிறகு ஆரிட்டப் போனது எண்டு அவருக்கே தெரியாது. நல்ல மனுசன்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பயந்துபோயிருக்கிறார், அதனால் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதை எழுதினவள் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால், "பால் தீஞ்சு போச்சு ஆன்ட்டி, பாத்திரத்தை ஊற வைக்கறேன்" என்றேன்.

அன்றே அணித் தலைவரைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைத் திரும்பக் கேட்டேன். நல்ல பட்டியல், ரொம்ப உபயோகமாக இருக்கிறது, நகல் எடுத்து ஆறேழு பேருக்குக் கொடுத்தாயிற்று, அவர்களில் யாரோ போட்டோ எடுத்து இன்னொரு குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். எந்தக் குழு என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. அலுவலகத்தில் இருக்கும்போது திடீரென்று நினைவு வரும். எங்கள் ஊர் இணையப் பக்கங்களில் இப்போது இந்தியர்களைப் பற்றி வெறுப்போடு எழுதுகிற எழுத்துகளைப் படித்திருப்பீர்கள். அப்படி எழுதுகிற ஒருவன் கையில் வீட்டு எண்ணோடு, தெருவோடு, யார் தனியாக இருக்கிறார்கள் என்பதோடு, என் கையெழுத்தில் ஒரு காகிதம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

ஆன்ட்டி அதன் பிறகு மறைப்புகளைத் திறக்கவேயில்லை. தாராவை மட்டும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டார். ஓட்டுப் போடப் போகவில்லை, நானும் கேட்கவில்லை. நர்ஸ் அம்மா விரல்விட்டு எண்ணும் ஓட்டில் ஜெயித்தார். தாராவின் வகுப்பு தப்பித்தது. நான் அழுதேன். அழுது முடித்து, முகம் கழுவி, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"பிள்ளைக்கு வகுப்பு இருக்குத்தானே, அது போதும்" என்று ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆன்ட்டி, அன்னைக்கு வந்தவங்க கையில இருந்த லிஸ்ட்..."

"தெரியும் பிள்ளை."

"இல்ல, அதை எழுதினது..."

"உங்கட கையெழுத்தை எனக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் பிள்ளையின்ர சாப்பாட்டுப் பெட்டியில எழுதி ஒட்டிவிடுறனீங்கள்."

கைதவறி விளம்பரத் தாள்களோடு சேர்த்து அந்தப் பக்கத்தையும் கதவில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள் வந்தவர்கள். வேலி ஏறும்போதே அது அவர் பையில் இருந்திருக்கிறது. கட்டுப் போட்டபோதும், கிளார்க்கின் கதையைச் சொன்னபோதும் இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான், நல்ல மனுசன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "இன்னும் எத்தினை பேரிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியலை."

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே போய், எட்டாக மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். எங்கள் தெரு. நடுவில் இரண்டு வரிகள் பேனாவால் கறுப்பாக அடித்து அழிக்கப்பட்டிருந்தன; அழுத்திய அழுத்தத்தில் காகிதமே கிழிந்திருந்தது. வீட்டு எண் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. எங்கள் வீடு. என் பெயரும் கணவர் பெயரும். எங்களுக்கும் நானே மஞ்சள் அடித்திருக்கிறேன், பட்டியலை முடிக்கிற வேகத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இது எப்போ ஆன்ட்டி அழிச்சீங்க?"

"அவங்கள் எதிர் வீட்டில நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தவங்கள். பேப்பரைத் தேடித் திரும்பி வருவாங்கள் எண்டு நினைச்சன். வந்து கேட்டா குடுக்காமல் விடேலாது. அதான் முதல் உங்கட பேரை அழிச்சனான். உங்கட வீட்டில பிள்ளை இருக்கு."

அதற்கு அடுத்த வரியில் அவருடைய பெயர் இருந்தது. மஞ்சளில், பக்கத்தில் என் கையெழுத்தில் 'தனியாக இருப்பவர்' என்ற குறிப்போடு, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.